இறகு முதலில், பறத்தல் பிறகு

1970-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஜான் ஆஸ்ட்ரோம் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் உள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தார். டெரோசர்கள் எனப்படும் பறக்கும் ஊர்வனவற்றின் புதைபடிவங்களைப் பார்ப்பதுதான் வந்த வேலை. அங்கிருந்த சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றின் பெயர்ச்சீட்டில் டெரோசர் என்றே எழுதியிருந்தது. கல்லில் இருந்த எலும்புகளோ டெரோசருக்கு உரியவையாகத் தெரியவில்லை. பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். எலும்புகளை ஒட்டி மெல்லிய வரிகள் தென்பட்டன. அவை இறகுகள் பதிந்த தடங்கள்.

உலகின் மிகப் பழைய பறவை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஆர்க்கியாப்டெரிக்ஸை ஒத்த ஓர் உயிர், வேறு பெயரில் நூறாண்டுக்கும் மேலாக அங்கே கிடந்திருக்கிறது. அந்தத் தவறான பெயரை 1857-இல் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் ஃபொன் மேயர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1861-இல் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பெயரை உலகுக்குத் தந்தவரும் அவரேதான்.

ஃபொன் மேயர் கவனக்குறைவான ஆளல்லர். அக்காலத்தின் மிகச் சிறந்த தொல்லுயிரியலாளர்களில் ஒருவர். இறகுத் தடம் தெளிவாகக் கண்ணில் படாவிட்டால், அந்த எலும்புக்கூட்டைப் பறவை என்று சொல்ல அவராலேயே முடியவில்லை. 1951-இல் ஜெர்மனியில் கிடைத்த ஓர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவத்துக்கும் இதுவே நேர்ந்தது. காம்ப்சோக்நாதஸ் என்னும் சிறிய டைனோசரின் குட்டி என்று கருதப்பட்ட அதன் உண்மை அடையாளம் 1970-களில்தான் தெரிந்தது. தேர்ந்த கண்கள் திரும்பத் திரும்ப இங்கே ஏமாந்திருக்கின்றன என்றால், பறவைக்கும் டைனோசருக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருந்த கோட்டில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

இந்தப் புதைபடிவங்கள் எல்லாம் கிடைத்த இடம், தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபென், ஐக்ஷ்டெட் ஊர்களைச் சுற்றியுள்ள கல்குவாரிகள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி வெப்பமான ஆழமற்ற கடல். ஆங்காங்கே தீவுகள், அவற்றுக்கிடையே பவளத் திட்டுகளால் அடைபட்ட காயல்கள். காயலின் அடிநீரில் உப்பு மிகுதி, ஆக்சிஜன் குறைவு. மேலிருந்து விழுந்து மூழ்கிய உடலைத் தின்ன அங்கே நண்டும் இல்லை, புழுவும் இல்லை. நுண்மையான சுண்ணாம்புச் சேறு மெல்ல மெல்ல அதன்மேல் படிந்து, காலப்போக்கில் கல்லாக இறுகியது. தும்பியின் இறக்கை நரம்பு, ஜெல்லி மீனின் உடல் வட்டம் போன்றவைகூட அழியாமல் பதியும் அளவுக்கு மாவு போன்ற நயம் கொண்ட கல் அது.

அந்த நயமே கல்லுக்குச் சந்தையையும் உண்டாக்கியது. 1796-இல் அலோய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தபோது, அதற்குப் பொருத்தமான கல்லாக அமைந்தது சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்தான். ஐரோப்பிய அச்சகங்களின் தேவைக்காகத் தொழிலாளர்கள் பலகை பலகையாகக் கல்லைப் பிளந்து, இரு பக்கங்களையும் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு பலகையும் மனிதக் கண்ணில் பட்ட பிறகே வெளியே போனது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா என்ற முழுப் பெயரின் பின்பாதி அந்த அச்சுக்கல்லைத்தான் குறிக்கிறது.

1861-இல் முதலில் அறிவிக்கப்பட்டது ஒற்றை இறகு. அதே ஆண்டில், தலை பெரும்பாலும் சிதைந்திருந்தாலும் உடலும் இறக்கைகளும் வாலும் கொண்ட ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. அது கார்ல் ஹேபர்லைன் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. குவாரித் தொழிலாளர்களிடம் வைத்தியக் கூலிக்குப் பதிலாகப் புதைபடிவங்களை வாங்கிச் சேர்ப்பது அவர் வழக்கம். லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை 700 பவுண்டுக்கு வாங்கியது. 1870-களில் கிடைத்த இரண்டாவது எலும்புக்கூடு தலையோடு கூடியது, கிட்டத்தட்ட முழுமையானது. அதைத் தொழிலதிபர் வெர்னர் சீமென்ஸ் 20,000 மார்க் கொடுத்து ஜெர்மனியிலேயே தங்கும்படி செய்தார். பெர்லினில் இன்றும் அதைப் பார்க்கலாம். விரிந்த இறக்கைகளும், பின்னோக்கி வளைந்த கழுத்தும், இருபுறமும் இறகு வரிசையுடைய நீண்ட வாலுமாக அது கல்லில் படர்ந்து கிடக்கிறது.

அதன் உடலைப் பகுதி பகுதியாகப் பார்த்தால் வியப்பு கூடும். அளவில் காக்கையை ஒத்தது. இறக்கை இறகுகளின் நடுத்தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, முன்பக்க விளிம்பு குறுகியும் பின்பக்க விளிம்பு அகன்றும் இருக்கிறது. இன்றைய பறவைகளின் பறக்கும் இறகும் இப்படித்தான். ஆனால் தாடைகளில் கூரிய பற்கள். இறக்கையில் மூன்று தனித்தனி விரல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த நகம். வாலுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட எலும்புகள் கோத்த நீண்ட தொடர். இன்றைய பறவைகளில் பறக்கும் தசைகளைத் தாங்கும் மேடுடைய பெரிய மார்பெலும்பு இதனிடம் இல்லை. பாதி பறவை, பாதி ஊர்வன என்றுதான் சொல்லத் தோன்றும்.

டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஓர் இனத்திலிருந்து இன்னொன்று கிளைத்தது உண்மையானால், இடைப்பட்ட உயிர்கள் எங்கே என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. இந்தக் கல் அந்தக் கேள்வி முன்னால் வந்து நின்றது. டார்வினுக்காகத் துணிந்து வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி ஒரு படி மேலே போனார். ஆர்க்கியாப்டெரிக்ஸ் கிடைத்த அதே பாறைகளில் கிடைத்த காம்ப்சோக்நாதஸின் இடுப்பையும் காலையும் பறவைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டார். டைனோசர்களும் பறவைகளும் நெருங்கிய உறவினர்கள் என்று 1860-களின் இறுதியிலேயே எழுதினார்.

சரியான அந்த விடையை அறிவியல் உலகம் பிறகு நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. காரணம் ஓர் எலும்பு. பறவைகளின் இரண்டு காறையெலும்புகளும் ஒன்றிணைந்து, கழுத்துக்குக் கீழே ஒரு கவையெலும்பாக நிற்கின்றன. கோழிக்கறி வெட்டும்போது இரண்டாகப் பிரிந்த குச்சி போல வருமே, அதேதான். டேனிஷ் ஓவியரும் ஆய்வாளருமான கெர்ஹார்ட் ஹைல்மன், 1926-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தன் நூலில் பறவைகளையும் டைனோசர்களையும் எலும்பெலும்பாக ஒப்பிட்டார். எல்லாம் வியக்கத்தக்கபடி பொருந்தின. ஆனால் டைனோசர்களுக்குக் காறையெலும்பே இல்லை என்று அன்று நம்பப்பட்டது. பரிணாமத்தில் ஒருமுறை இழந்த உறுப்பு அப்படியே மீண்டும் தோன்றாது என்பது அன்றைய கருத்து. ஆகவே பறவைகளின் மூதாதை டைனோசராக இருக்க முடியாது, இன்னும் பழைய ஏதோ ஓர் ஊர்வனவாக இருக்க வேண்டும் என்று முடித்தார். தர்க்கத்தில் பிழையில்லை, தரவில்தான் பிழை. அந்த நூலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, மங்கோலியாவில் கிடைத்த ஓவிராப்டர் என்னும் டைனோசரின் கவையெலும்பு படத்தோடு அச்சாகியிருந்தது. அதை வேறு எலும்பு என்று குறித்திருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னாட்களில் டிரானோசரஸ் உட்படப் பல ஊனுண்ணி டைனோசர்களிடம் அதே எலும்பு கண்டறியப்பட்டது.

ஹக்ஸ்லியின் கருத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் ஜான் ஆஸ்ட்ரோம். 1964-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் அவர் குழு கண்டெடுத்த டெய்னோனிகஸ், அதுவரை மக்கள் மனத்தில் இருந்த மந்தமான டைனோசர் உருவத்தை உடைத்தது. இரண்டு காலில் விரைந்து ஓடும் மெலிந்த உடல், நீண்ட கைகள், காலில் அரிவாள் போன்ற ஒரு நகம். அதன் மணிக்கட்டில் அரைநிலா வடிவத்தில் ஓர் எலும்பு இருந்தது. கையைப் பக்கவாட்டில் மடக்கி உடலோடு ஒட்டி வைக்க உதவும் எலும்பு அது. குருவி தன் இறக்கையை மடிப்பதும் இதே அசைவால்தான். ஆர்க்கியாப்டெரிக்ஸின் மணிக்கட்டிலும் அதே எலும்பு இருப்பதை ஆஸ்ட்ரோம் கண்டார். தோள், கை, இடுப்பு, கணுக்கால் என்று இருபதுக்கும் மேற்பட்ட ஒற்றுமைகளை 1970-களில் வரிசைப்படுத்தினார். பறவைகள் டைனோசர்களின் உறவினர்கள் மட்டுமல்ல, டைனோசர்களிலிருந்தே வந்தவை என்பது அவர் முடிவு. எலும்பு சொல்லிவிட்டது, இறகுள்ள டைனோசர் ஒன்றுதான் கண்ணுக்குக் கிடைக்க வேண்டியிருந்தது.

1996-இல் நியூயார்க்கில் தொல்லுயிரியலாளர்கள் கூடிய மாநாட்டில் ஒரு புகைப்படம் கைமாறியது. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் கிடைத்த சிறிய டைனோசர் ஒன்றின் படம். எரிமலைச் சாம்பல் படிந்த பழைய ஏரிப் பாறையில், சுமார் 12.5 கோடி ஆண்டுகளாக அது பாதுகாப்பாக இருந்திருக்கிறது. தலையிலிருந்து வால் நுனி வரை முதுகோரம் முழுதும் நார் நாராகத் தூவிகளின் கறுத்த தடம். சைனோசோரோப்டெரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த உயிரின் படத்தைப் பார்த்தவர்களில், அப்போது 68 வயதான ஆஸ்ட்ரோமும் ஒருவர். இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் எலும்புகளை வைத்து வாதாடியதை இறகே வந்து உறுதிசெய்ததைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு லியாவ்னிங் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கைகளிலும் வால் நுனியிலும் நடுத்தண்டுடைய முழு இறகுகள் கொண்டிருந்தும் பறக்க இயலாத காடிப்டெரிக்ஸ் வந்தது. கைகளில் இரண்டு, கால்களில் இரண்டு என நான்கு இறக்கைகளுடன் மைக்ரோராப்டர் வந்தது. 2012-இல் அறிவிக்கப்பட்ட யூடிரானஸ், சுமார் 9 மீட்டர் நீளமும் 1,400 கிலோ எடையும் கொண்ட, டிரானோசரஸுக்கு உறவான வேட்டை விலங்கு; அதன் உடலிலும் நீண்ட தூவிகள் இருந்தன. இவையெல்லாம் ஆர்க்கியாப்டெரிக்ஸுக்குப் பிந்தியவை ஆயிற்றே, பேத்தி பாட்டிக்கு முன்னோடியாக முடியுமா என்று சிலர் கேட்டனர். 2009-இல், சுமார் 16 கோடி ஆண்டுப் பழைய பாறையிலிருந்து வந்த ஆங்கியோர்னிஸ் அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைந்தது. கை, கால், விரல் வரை இறகு மூடியிருந்த அந்தச் சிறிய டைனோசர் ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கும் மூத்தது. ஹார்லெமில் ஆஸ்ட்ரோம் அடையாளம் கண்ட புதைபடிவத்தை 2017-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், அது ஆர்க்கியாப்டெரிக்ஸைவிட இந்த ஆங்கியோர்னிஸுக்கே நெருக்கமானது என்று கண்டு, ஆஸ்ட்ரோமின் நினைவாக ஆஸ்ட்ரோமியா என்று பெயர் சூட்டினார்கள்.

இங்கேதான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய பாடம் இருக்கிறது. இறகு பறப்பதற்காகத் தோன்றவில்லை. சைனோசோரோப்டெரிக்ஸின் நார்த்தூவியை வைத்துக்கொண்டு ஒரு கணமும் காற்றில் நிற்க முடியாது. ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ள யூடிரானஸுக்குப் பறக்கும் எண்ணமே இருந்திருக்க முடியாது. அப்படியானால் இறகு எதற்கு? முதல் பதில் உடற்சூட்டைக் காப்பது. இரண்டாவது பதில் நிறம். இறகின் நிறத்தை உண்டாக்கும் மெலனோசோம் என்ற நுண் உறுப்புகள் புதைபடிவங்களிலும் எஞ்சியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றின் வடிவத்தை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு, சைனோசோரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருந்தன என்று 2010-இல் சொல்ல முடிந்தது. ஆங்கியோர்னிஸின் தலையில் செந்நிறக் கொண்டை இருந்திருக்கலாம். துணையைக் கவரவும் எதிரியை மிரட்டவும் நிறம் வேண்டும். அதைத் தாங்க இறகு வேண்டும்.

மூன்றாவது பதில் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் கிடைத்தது. 1924-இல் ஓவிராப்டருக்கு அந்தப் பெயர் வைத்தபோது ‘முட்டைத் திருடன்’ என்ற பொருளில்தான் வைத்தார்கள். அதன் எலும்புக்கூடு ஒரு முட்டைக் குவியலின் மேல் கிடந்ததே காரணம். 1990-களில் அதே வகை முட்டை ஒன்றுக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு இருப்பது தெரிந்தது. அதன் நெருங்கிய உறவான சிதிபதி என்னும் டைனோசர், வட்டமாக அடுக்கிய முட்டைகளின்மேல் கால்களை மடக்கி அமர்ந்து, கைகளை இருபுறமும் விரித்து மூடியபடியே புதைந்து போயிருந்தது. திருடன் என்று எழுபது ஆண்டுகளாக ஏசப்பட்ட உயிர் தன் முட்டைகளை அடைகாத்த பெற்றோர். கையின் ஓரத்தில் நீண்ட இறகுகள் இருந்தால் முட்டைகள் இன்னும் நன்றாக மூடப்படும். பறக்காத ஓர் உயிருக்கு இறக்கை போன்ற கை எதற்கு என்ற கேள்விக்கு இதுவும் விடையாகலாம்.

பறவைக்கே உரியவை என்று நாம் எண்ணும் மற்றவற்றையும் இப்படியே பின்னோக்கித் தேடிப் போகலாம். எலும்புக்குள் காற்றுப்பைகள் புகுந்து உடலை இலேசாக்குவது ஊனுண்ணி டைனோசர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கழுத்து நீண்ட மாபெரும் டைனோசர்களின் முதுகெலும்பிலும் அந்தக் குழிகள் உண்டு. தலையைக் கைக்குள் புதைத்து, வாலைச் சுற்றிக்கொண்டு தூங்கும் வழக்கமும் பழையது. மெய் லோங் என்னும் வாத்தளவு டைனோசர் அதே நிலையில் உறங்கியபடி சீனாவில் கிடைத்தது. கவையெலும்பும் மடங்கும் மணிக்கட்டும் பறத்தலுக்குப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. பறவைக்கு வழிகோலிய கிளையில் உடலின் அளவும் தொடர்ந்து சிறுத்துவந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளில் 163 கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கும் கீழே அது இறங்கியது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. காற்று தாங்கக்கூடிய அளவுக்கு உடல் வந்து சேர்ந்தபோது, தேவையான கருவிகள் பெரும்பாலும் அந்த உடலிலேயே இருந்தன.

அரைகுறை இறக்கையால் என்ன பயன் என்று பரிணாமத்தை மறுப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் கென் டயல் 2003-இல் இதற்கு உயிருள்ள சாட்சியைக் கொண்டுவந்தார். பறக்கப் பழகாத கௌதாரிக் குஞ்சுகள், முளைத்தும் முளைக்காத இறக்கைகளை அடித்துக்கொண்டு செங்குத்தான சரிவில் ஓடி ஏறின. இறக்கையடிப்பு உடலைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, கால்கள் வழுக்காமல் ஏறின. சரிவில் ஏறித் தப்பும் குஞ்சுக்குப் பாதி இறக்கையும் உயிர்காக்கும் கருவிதான்.

ஆர்க்கியாப்டெரிக்ஸ் பறந்ததா? நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்த இந்த விவாதம் அண்மையில்தான் தெளிவடையத் தொடங்கியது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் கூடத்தின் வலிமையான எக்ஸ் கதிர்களால் அதன் எலும்புகளைக் கல்லை உடைக்காமலேயே படம் எடுத்தார்கள். இறக்கை எலும்புகளின் குறுக்குவெட்டு, ஃபெசன்ட் போலத் திடீரென்று எழும்பிச் சிறிது தூரம் பறக்கும் பறவைகளோடு ஒத்துப்போனது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் உள்ள புறா அளவுப் புதைபடிவத்தைப் பற்றிய ஆய்வு 2025-இல் வெளியானது. அதில் மேற்கையை ஒட்டி, இறக்கைக்கும் உடலுக்கும் இடையிலான சந்தினை அடைக்கும் நீண்ட இறகுகள் முதன்முறையாகத் தெரிந்தன. அந்தச் சந்து திறந்திருந்தால் காற்று அதன் வழியே ஒழுகித் தூக்குவிசை குறைந்துவிடும். இறகுடைய மற்ற டைனோசர்களில் அந்த இறகு வரிசை இல்லை. ஆர்க்கியாப்டெரிக்ஸ் கழுகு போல வட்டமிட்டிருக்காது. மரத்துக்கு மரம், புதருக்குப் புதர் எழும்பிப் பறந்திருக்கும்.

அதே 2025-இல் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்திலிருந்து பாமினோர்னிஸ் என்னும் பறவை அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 14.9 கோடி ஆண்டுப் பழமை, ஆர்க்கியாப்டெரிக்ஸின் காலத்தது. ஆனால் அதன் வால் இன்றைய பறவைகளைப் போலவே குட்டையாகி இணைந்திருந்தது. பறவைக் கூட்டம் அதற்குள் பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது என்று இதனால் தெரிகிறது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் இன்றைய பறவைகளின் நேர்ப் பாட்டியாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டியின் உடல் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் ஒன்றுவிட்ட உறவு என்பதே பொருத்தம். ‘இதோ முதல் பறவை’ என்று விரல் நீட்ட ஒரு நாளோ ஓர் உயிரோ இல்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் கரையில் விழுந்த விண்கல், பறக்காத டைனோசர்களோடு பல்லுள்ள பறவைகளையும் கொண்டுபோனது. பல்லில்லா அலகுடைய சில கிளைகள் மட்டும் தப்பின. கோழி, வாத்து இரண்டின் சாயலும் கொண்ட ஆஸ்டெரியோர்னிஸ் அந்தப் பேரழிவுக்குச் சற்று முன்பே பெல்ஜியத்தில் வாழ்ந்திருந்ததை 2020-இல் அறிந்தோம். அப்படித் தப்பிய சிலவற்றின் வழியே இன்று சுமார் 11,000 பறவை இனங்கள். பழைய உடலின் நினைவு அவற்றிடம் முற்றிலும் அழியவும் இல்லை. 2006-இல், ஒரு மரபணுப் பிறழ்வுடைய கோழிக் கருக்களின் தாடையில் முதலைப் பல் போன்ற முனைகள் முளைக்கத் தொடங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆகவே டைனோசர்கள் அழிந்துவிட்டன என்று பள்ளியில் படித்துவரும் பிள்ளையிடம் நாம் ஒரு திருத்தம் சொல்லலாம். டைனோசர்களில் ஒரு கிளை அழியவில்லை. முற்றத்தில் தானியம் கொத்துகிறது. கோழியின் முன்னோக்கிய மூன்று விரல்கள் கொண்ட பாதத்தையும், காலில் உள்ள செதில்களையும், அது கழுத்தை முன்னே நீட்டி நடக்கும் நடையையும் பார்க்கச் சொன்னால், எந்தப் படமும் தராத பாடம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிருக்காகத் தூவி சூடிய டைனோசருக்கு, தன் வழித்தோன்றல் ஒரு நாள் இமயமலையைத் தாண்டிப் பறக்கும் என்று தெரியாது. பரிணாமத்துக்கு முன்திட்டம் இல்லை. கையில் இருப்பதைக் கொண்டே அது அடுத்ததைச் செய்கிறது. இன்று ஏதோ ஒரு காட்டில் வாழும், நம் கண்ணுக்குச் சிறப்பாக எதுவும் தோன்றாத ஓர் உயிரின் உடலில், பல கோடி ஆண்டுகள் கழித்து எதற்கோ தொடக்கமாகப் போகும் ஏதோ ஒன்று இருக்கலாம். அந்த உயிரை நம் காலத்தில் அழித்துவிட்டால், அதனோடு சேர்ந்து அதிலிருந்து வரக்கூடியவை அனைத்தும் போய்விடும். ஓர் இறகு நடந்து வந்த தொலைவை அறிந்தவர்கள், எஞ்சியிருக்கும் உயிர்களைக் காக்கும் வேலையைத் தள்ளிப்போட முடியாது.